கனத்த இசையும் காணாமற்போன நடுப்பகுதியும்

ஹெவி மெட்டல் இசையைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் 'கனம்' என்ற சொல் தவறாமல் வந்து விழுகிறது. கனம் என்றதும் நாம் தாழ்ந்த ஒலிகளையே நினைக்கிறோம். தரை அதிர வேண்டும், நெஞ்சுக்கூட்டில் இடிக்க வேண்டும். ஆகவே பேஸ் கிதாரின் அடிப்பகுதியை எவ்வளவுக்கு ஏற்றுகிறோமோ அவ்வளவுக்கு இசை கனக்கும் என்பது பரவலான நம்பிக்கை. இந்த நம்பிக்கை பிழையானது என்பதே நம் வாதம். டிஸ்டார்ஷன் ஏற்றிய பேஸ் கிதாரின் கனம் பெரும்பாலும் அதன் நடுப்பகுதியில்தான் குடியிருக்கிறது. ஈக்குவலைசரைக் கொண்டு அதைக் குடைந்தெறிகிறவர்கள், ஒரு கலைஞனையே பாட்டிலிருந்து வெளியேற்றிவிடுகிறார்கள்.

முதலில் ஒலியின் இயல்பைப் பார்த்துவிடுவோம். நான்கு தந்தி பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி, வழக்கமான சுருதியில் வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. கிதாரின் தாழ்ந்த தந்தி அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. ஆனால் பேஸ் தந்தியை மீட்டும்போது 41 மட்டும் ஒலிப்பதில்லை. அதன் மடங்குகளாக 82, 124, 165 என மேற்சுரங்கள் அடுக்கடுக்காக எழுகின்றன. சிறிய ஸ்பீக்கர்களால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. இருந்தும் அவற்றில் நாம் பேஸைக் கேட்கிறோம். மேற்சுரங்களின் வரிசையைக் கொண்டு, ஒலிக்காத அடிச்சுரத்தை நம் செவி ஊகித்துக்கொள்கிறது. டிஸ்டார்ஷன் என்பது ஒலியலையின் உச்சியை வெட்டித் தட்டையாக்குவது. அப்படி வெட்டுப்பட்ட அலையில், மூலத்தில் மெலிந்தோ இல்லாமலோ இருந்த மேற்சுரங்கள் புதிதாகத் தலையெடுக்கின்றன. ஆகவே டிஸ்டார்ஷன், பேஸைச் செவி நன்கு உணரும் பகுதிக்கு ஏற்றிவிடுகிற ஏணி. ஏற்றிவிட்ட பிறகு அந்தப் பகுதியையே வெட்டியெறிவது என்ன நியாயம்?

இருந்தும் அதைத்தான் பலரும் செய்கிறார்கள். ஈக்குவலைசரின் இரு ஓரங்களையும் ஏற்றி, நடுவை இறக்கி வைக்கிறார்கள்; பார்ப்பதற்குப் புன்னகைக்கும் வாய்போல இருக்கும். தனியறையில் வாசிக்கும்போது இந்தப் புன்னகை இனிக்கத்தான் செய்யும். காரணம் நம் செவியிலேயே இருக்கிறது. ஒலியளவு குறையக் குறைய, மிகத் தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் மனிதச் செவி குறைவாகவே உணர்கிறது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினார்கள். மெல்லிய ஒலியில் அவ்விரண்டையும் ஏற்றிக் கேட்டால் நிறைவாகத் தோன்றுவது அதனால்தான். குழுவோடு சேர்ந்து உரக்க வாசிக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. அடிப்பகுதியில் பேஸ் டிரம்மின் அடி உட்கார்ந்திருக்கிறது. உச்சியைச் சிம்பல்கள் நிறைத்திருக்கின்றன. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள நடுப்பகுதி ஏதுமற்ற பேஸ், இரண்டுக்கும் இடையில் கரைந்துபோகிறது. வாசிப்பவரின் விரல்கள் ஓடுகின்றன. கேட்பவருக்கு ஒரு மங்கலான முழக்கம் மட்டுமே எஞ்சுகிறது.

பேஸ் காணாமற்போவதற்கு உலகறிந்த சான்று, மெட்டாலிக்கா குழுவின் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' (1988). அக்குழுவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன், 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் நேர்ந்த பேருந்து விபத்தில் இறந்தார். 1983இல் வெளிவந்த முதல் தொகுப்பிலேயே, டிஸ்டார்ஷனும் வா-வா பெடலும் கொண்டு பேஸை முன்னிறுத்தி ஒரு தனி உருப்படியைப் பதிந்தவர் அவர். அவருடைய இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட், அக்குழுவுடன் பதிந்த முதல் முழுத் தொகுப்பு இந்த 1988ஆம் ஆண்டுத் தொகுப்பு. அதில் அவருடைய பேஸ் ஏறத்தாழக் கேட்பதே இல்லை.

காரணங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. பேஸை வேண்டுமென்றே தாழ்த்தினார்கள் என்பது முதலாவது. ஒலிக்கலவை செய்த இருவரில் ஒருவரான ஸ்டீவ் தாம்ப்சன், அப்படிக் குறைக்கச் சொன்னவர் டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக்தான் என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஒலியமைப்பு சார்ந்த காரணமும் உண்டு. நடுவைக் குடைந்து அடிப்பகுதியைப் பெருக்கிய ரிதம் கிதார், பேஸ் நிற்க வேண்டிய இடத்தையும் தானே எடுத்துக்கொண்டது. நியூஸ்டெட்டும் பல இடங்களில் கிதாரின் வரிகளையே அடியொற்றி வாசித்திருந்தார். தனி வரியும் இல்லை, தனி இடமும் இல்லை என்றால் ஒரு குரல் எப்படிக் கேட்கும்? 1991இல் பாப் ராக் தயாரிப்பில் வந்த அடுத்த தொகுப்பில் அதே கலைஞரின் பேஸ் தெளிவாக ஒலிக்கிறது. 1988இன் தொகுப்பு 2018இல் மறுமெருகேற்றி வெளியிடப்பட்டபோதும் பழைய கலவை அப்படியே விடப்பட்டது. ரசிகர்களோ பேஸை உயர்த்தித் தாங்களே கலவை செய்து பரிமாறிக்கொள்கிறார்கள். அனைவருக்கும் நீதி என்று பெயர் சூட்டிய தொகுப்பில் ஒருவருக்கு மட்டும் அது கிடைக்காமற்போன கசப்பு அவர்களுக்கு இன்னும் ஆறவில்லை.

எதிர்த்திசையில் நிற்பவர் மோட்டார்ஹெட் குழுவின் லெம்மி. 2015இல் மறைந்த அவர், ரிக்கன்பேக்கர் பேஸை மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, அடிப்பகுதிக்கும் உச்சிக்கும் உரிய குமிழ்களை ஏறக்குறைய மூடிவிட்டு, நடுப்பகுதிக் குமிழை முழுக்கத் திறந்துவைத்து வாசித்தார். பாடப்புத்தக விதிப்படி அது மெலிந்த ஒலியாக இருந்திருக்க வேண்டும். 1980இல் வந்த 'ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' பாடலின் தொடக்கத்தைக் கேட்பவர் யாரும் அதை மெலிந்தது என்று சொல்லமாட்டார்.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது? ஈக்குவலைசர் என்றவுடன் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வருவதை மட்டுமே நினைக்கிறோம். முன்னால் வருவது அதைவிட முக்கியம். முன்னது எந்த ஒலி சிதைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. பின்னது சிதைந்ததில் எது கேட்க வேண்டும் என்பதை. பேஸில் தாழ்ந்த ஒலிகளுக்கே வலு அதிகம். அவை முதலில் மோதி, மேலேயுள்ள நுட்பங்களையெல்லாம் இழுத்துக்கொண்டு கூழாகிவிடும். எனவே ஒலியை இரண்டாகப் பிரிப்பது நல்லது. ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைச் சிதைக்காமல் தூய்மையாக, கம்ப்ரெஸரால் சீராக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேலுள்ளதை மட்டும் டிஸ்டார்ஷனுக்கு அனுப்ப வேண்டும். தொல்காப்பியம் படித்தவர்களுக்கு உயிர்மெய் நினைவுக்கு வரலாம். மெய்யின் உரசல் மேலே, உயிரின் ஓட்டம் கீழே. இரண்டும் சேர்ந்தால்தான் எழுத்து ஒலிக்கும்.

சிதைத்த பகுதியில் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் குளவிக்கூட்டம்போல் இரையும் ஒலியைத் தயங்காமல் வெட்டலாம். 250 முதல் 400 வரை மந்தம் தேங்கினால் சற்றே குறைக்கலாம். 700 முதல் 1000 வரையிலான பகுதியை மட்டும் காப்பாற்ற வேண்டும். விரல் தந்தியைக் கடிக்கும் ஓசை அங்கிருந்துதான் முன்னே வருகிறது. பிரித்த இரு பாதைகளில் ஒன்று நொடியில் சிறு பங்கு பிந்தினாலும், சேரும்போது அவை ஒன்றையொன்று தின்றுவிடும். அதையும் சரிபார்க்க வேண்டும். இந்த எண்கள் தொடக்கப்புள்ளிகளே. சுருதி இறங்கினால் இவையும் நகரும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 'பேஸின் வேலை தாங்குவது. அடித்தளம் தன்னைக் காட்டிக்கொள்ளத் தேவையில்லை' என்பார்கள். லெம்மியின் குழு பெரும்பாலும் ஒற்றைக் கிதார் கொண்டது, அதனால்தான் அவருக்கு இடம் கிடைத்தது என்றும் சொல்வார்கள். இரண்டாவதில் உண்மை இருக்கிறது. இரண்டு கிதார்கள் நடுப்பகுதியை நிறைத்திருக்கும் குழுவில் லெம்மியின் குமிழ்களை அப்படியே நகலெடுத்தால் இரைச்சலே மிஞ்சும். ஆனால் அதற்கான தீர்வு பேஸை ஒடுக்குவதாக ஏன் இருக்க வேண்டும்? கிதாரின் அடிப்பகுதியை 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிப்பாருங்கள். தனியாகக் கேட்டால் கிதார் இளைத்ததாகத் தோன்றும். பேஸோடு சேர்த்துக் கேட்டால் முன்னைவிடப் பருத்துத் தெரியும். கிதாரின் கனம் என்று நாம் வியப்பதில் பெரும்பங்கு பேஸினுடையது. அடித்தளம் என்று பெருமைப்படுத்தியே ஒருவரைக் கேட்காமலாக்குவது இசையில் மட்டும் நடப்பதல்ல.

எனவே ஈக்குவலைசரை அழகுபடுத்தும் கருவியாக நாம் கருதுவதில்லை. அது இடம் பங்கிடும் கருவி. ஒருவருக்கு ஏற்றும் ஒவ்வொரு டெசிபெலும் இன்னொருவர் விட்டுக்கொடுக்க வேண்டியது. பேஸைத் தனியாக நிறுத்திக் கேட்டு, நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டும் பழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். எல்லோரும் வாசிக்கும்போது, எல்லோருடைய ஒலியையும் வைத்துக்கொண்டுதான் குமிழைத் தொட வேண்டும். பிறகு ஒரு சோதனை போதும்: பாட்டின் நடுவே பேஸை மட்டும் சட்டென்று நிறுத்திப் பாருங்கள். கிதார் சுருங்கிப்போய் நிற்குமானால் பேஸ் தன் இடத்தில் இருந்தது என்று பொருள். ஒன்றும் மாறவில்லையென்றால், அந்தக் கலைஞரை அதற்கு முன்பே அனுப்பிவிட்டிருக்கிறோம்.