குடியுரிமைப் படிவத்தில் மட்டும் ‘ஆண்ட பரம்பரை’ இல்லையாம்!

2019 கடைசியில் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டேன். படிவத்தின் பெயர் என்-400. அப்போது இருபது பக்கம். அப்போதைய கட்டணம் 725 டாலர். கிரீன் கார்டு வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அதில் முப்பது மாதமாவது நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். நன்னடத்தை வேண்டும். ஆங்கிலம் பேச, படிக்க, எழுதத் தெரிய வேண்டும். வரலாறு, அரசமைப்பு பற்றிய 100 கேள்விகளை அப்போது முன்பே கொடுத்துவிட்டார்கள். நேர்காணலில் அதிலிருந்து பத்து கேட்டார்கள், ஆறு சரியாகச் சொன்னால் போதுமாக இருந்தது. நம் ஊர்ப் பத்தாம் வகுப்புத் தேர்வைவிட எளிது.

என் பேனாவை நிறுத்தியது தேர்வு அல்ல, படிவத்தின் பன்னிரண்டாம் பகுதியில் இருந்த ஒரு கேள்வி. வேறு எந்த நாட்டிலாவது உங்களுக்குப் பரம்பரைப் பட்டமோ பிரபு அந்தஸ்தோ இருக்கிறதா, எப்போதாவது இருந்ததா? ‘ஆம்’ என்றால், குடியுரிமை ஏற்கும் சடங்கில் அந்தப் பட்டத்தைத் துறக்க வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தின் காலனியில் பிறந்தவன் நான். ஊர்த்தெருவில் பத்து வயதுப் பையன்கூட என் தாத்தாவை ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவான். எங்கள் குடும்பத்துக்குப் பரம்பரையாக வந்த பட்டம் அது ஒன்றுதான். ‘இல்லை’ என்று டிக் செய்தேன்.

அதே மாதம் என் ஊரில் குடியிருக்கும் இன்னொரு தமிழரும் அதே படிவத்தை நிரப்பினார். அவருடைய வாட்ஸ்ஆப் முகப்பில் மீசை முறுக்கிய சாதித் தலைவரின் படம். கீழே ‘ஆண்ட பரம்பரைடா’ என்ற வாசகம். ஆண்டதாகச் சொல்லிக்கொள்ளும் அந்தப் பரம்பரை படிவத்தில் என்ன ஆனது? அவரும் ‘இல்லை’ என்றுதான் டிக் செய்தார். அதே பகுதியில் இன்னொரு கேள்வியும் உண்டு. இனம், மதம், தேசம், ஏதேனும் ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்தவர் என்ற காரணங்களால் நீங்கள் யாரையாவது நேரடியாகவோ மறைமுகமாகவோ கொடுமைப்படுத்தியது உண்டா? அதற்கும் ‘இல்லை’. இரண்டு ‘இல்லை’க்கும் அவர் கை நடுங்கியிருக்காது.

பட்டத்தைத் துறக்கச் சொல்லும் விதி 1795-ல் வந்தது. அரசர்களும் பிரபுக்களும் வேண்டாம் என்று போராடி உருவான குடியரசு, பிறப்பால் வரும் உயர்வை வாசலிலேயே கழற்றி வைக்கச் சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு ஐந்து ஆண்டு முன்பு, 1790-ல் வந்த முதல் குடியுரிமைச் சட்டம் போட்ட நிபந்தனை, விண்ணப்பிப்பவர் சுதந்திரமான வெள்ளையராக இருக்க வேண்டும் என்பது. பிறப்பால் வந்த பட்டம் கூடாது, பிறப்பால் வந்த நிறம் மட்டும் கட்டாயம்! 1870-ல், உள்நாட்டுப் போரும் அடிமை முறை ஒழிப்பும் முடிந்த பிறகு, ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களுக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் அந்தத் தகுதி நீட்டிக்கப்பட்டது. வெள்ளை, கறுப்பு என்று சட்டத்தில் இரண்டு கதவுகள். நடுவில் நிற்பவருக்குக் கதவே இல்லை.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் வருகிறார்கள். பகத் சிங் திண்ட் அமிர்தசரஸ் பக்கத்துச் சீக்கியர். 1913-ல் அமெரிக்கா வந்தார். முதல் உலகப் போரின்போது அந்நாட்டு இராணுவத்தில் சேர்ந்தார். கொடுத்த குடியுரிமையை ஒருமுறை பறித்தார்கள். 1920-ல் மறுபடி பெற்றார். அரசு விடவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அவர் தரப்பு எடுத்த ஆயுதம் எது? இவர் உயர்சாதி இந்து, ஆரிய ரத்தம், ஆகவே வெள்ளையர். அன்றைய அமெரிக்காவில் இந்தியர் எல்லோரையும் ‘இந்து’ என்றே அழைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் ‘உயர்சாதி’ என்ற அடைமொழியை யாரும் வலிந்து ஒட்டவில்லை. வழக்கின் உயிரே அதுதான். சாதியை எதிர்த்த குருக்களின் வழியில் வந்தவர் சாதியைக் கையில் ஏந்திக்கொண்டு நீதிமன்றப் படி ஏறினார்.

அதற்கும் மேலே போனார்கள். திருமண விஷயத்தில் வெள்ளை அமெரிக்கர் கறுப்பரை எப்படிப் பார்க்கிறாரோ, அப்படித்தான் உயர்சாதி இந்து இந்தியப் பழங்குடியைப் பார்க்கிறார் என்று வாதம் வைத்தார்கள். இதன் பொருள் புரிகிறதா தோழர்களே? நீங்கள் அவர்களைத் தீண்டுவதில்லை, நாங்கள் இவர்களைத் தீண்டுவதில்லை, ஆகவே நாம் ஒரே இனம். அடுத்தவனை மிதிப்பதையே குடியுரிமைக்குத் தகுதிச் சான்றிதழாக நீட்டியிருக்கிறார்கள்.

1923 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட் எழுதிய தீர்ப்பின் சாரம்: ஆராய்ச்சியாளர்கள் உங்களை என்ன இனத்தில் சேர்த்தாலும் சரி, தெருவில் போகும் சாதாரண வெள்ளையரின் கண்ணுக்கு நீங்கள் வெள்ளையர் அல்ல. அதன் பிறகு, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பிடுங்கினார்கள். அப்படிப் பறிகொடுத்த வைஷ்ணோ தாஸ் பகாய் என்ற வணிகர் 1928-ல் தற்கொலை செய்துகொண்டார். சாதி அங்கே யாரையும் காப்பாற்றவில்லை. வெள்ளையருக்குப் பக்கத்தில் இடம் கேட்டுப் போனவர்களை வெள்ளையரே வாசலில் நிறுத்தினார்கள்.

பிறகு கதவு எப்படித் திறந்தது? 1946-ல் இந்தியர்களுக்குக் குடியுரிமை உரிமை வந்தது, ஆனால் குடியேற்றம் ஆண்டுக்கு 100 பேர் என்ற அளவில்தான். ஆயிரக்கணக்கில் நம்மை உள்ளே விட்டது, தேசவாரி ஒதுக்கீட்டை ஒழித்த 1965-ஆம் ஆண்டுச் சட்டம். 1964-ல் குடிமை உரிமைச் சட்டம், 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம், அக்டோபரில் குடியேற்றச் சட்டம். இந்த வரிசை தற்செயலா? கறுப்பின மக்கள் தெருவில் அடிபட்டும் சிறைப்பட்டும் உயிர் கொடுத்தும் இனப்பாகுபாட்டின் முதுகெலும்பை முறித்த அந்த நேரத்தில்தான் நம் விசாவுக்கும் வழி பிறந்தது. எந்த மக்களைக் காட்டி ‘நாங்கள் அவர்களைப் போல இல்லை’ என்று 1923-ல் வாதாடினார்களோ, அந்த மக்கள் திறந்த கதவு வழியாகத்தான் இன்றைய மென்பொருள் மேலாளர் முதல் என்னைப் போன்றவர் வரை எல்லோரும் உள்ளே வந்தோம். நான் படித்த அந்த 100 கேள்விகளில் மார்ட்டின் லூதர் கிங் என்ன செய்தார் என்ற கேள்வியும் இருந்தது. எல்லோரும் சரியாகப் பதில் சொல்லி மதிப்பெண் வாங்குகிறார்கள். வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து சாதிச் சங்கக் கூட்டத்துக்குச் சமோசா ஆர்டர் செய்கிறார்கள்.

இப்போது காட்சியைத் திருப்பிப் பாருங்கள். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. கலிபோர்னியாவில் ஆயிஷா வஹாப் கொண்டுவந்த மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. அக்டோபரில் ஆளுநர் கவின் நியூசம் அதைத் தடுத்துவிட்டார். இருக்கிற சட்டங்களே போதும் என்பது அவர் சொன்ன காரணம். அந்த மசோதாவை எதிர்த்துக் கிளம்பிய இந்தியக் கூட்டம் என்ன சொன்னது? அமெரிக்காவில் சாதியே இல்லையாம், சட்டம் போட்டால்தான் சாதி வருமாம்! நூறு ஆண்டுக்கு முன் உச்ச நீதிமன்றத்தில் சாதியைக் காட்டிக் குடியுரிமை கேட்டார்கள். இன்று குடியுரிமையைக் காட்டிச் சாதியை மறைக்கிறார்கள். லாபம் வரும்போது பரம்பரை, கணக்குக் கேட்கும்போது ‘இல்லை’.

இருக்கிற சட்டம் போதுமா? என் கதையைச் சொல்கிறேன். முதல் வேலையில் சேர்ந்த புதிதில் வார இறுதி விருந்துகளுக்கு ஒரு தமிழ்க் குழு என்னை அழைக்கும். “நேட்டிவ் எங்க ப்ரோ?” “விழுப்புரம் பக்கம்.” “விழுப்புரத்துல எங்க? அப்பா என்ன பண்றாங்க? குலதெய்வம் எது?” மூன்றாவது கேள்வியில் எனக்கு வியர்க்கும். ஒருநாள் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அழைப்பு நின்றது. அதே குழுவில் இருந்தவர்தான் அலுவலகத்தில் என் வேலையை மதிப்பிடுபவர். நல்ல புராஜெக்டுகளும் நின்றன. மனிதவளப் பிரிவில் போய் நான் எந்தச் சொல்லைச் சொல்லிப் புகார் கொடுப்பது? இனமா? அவரும் நானும் ஒரே நிறம், ஒரே மொழி. அந்தச் சொல் சட்டத்திலும் விதியிலும் அச்சாகியிருந்தால்தான் எதிரே உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்கார அதிகாரி பேனாவை எடுப்பார். சொல் இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை.

‘அப்படியானால் குடியுரிமைப் படிவத்திலேயே சாதியைத் துறக்கச் சொல்லிக் கேட்கலாமா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம். மனத்தில் இருப்பதைச் சோதிக்கும் கேள்விகளை அரசுகளிடம் கொடுத்தால் அவை யார் மேல் பாயும் என்பது நமக்குத் தெரியும். நான் நிரப்பிய படிவம் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தாயா என்றும்தான் கேட்டது. எனக்கு வேண்டியது இரண்டு. பாதிக்கப்பட்டவர் நியாயம் கேட்கச் சட்டத்தில் சாதி என்ற சொல். அடுத்தது, எந்த அரசும் கேட்காமலேயே நாமே எழுதிக் கையெழுத்திட வேண்டிய துறவு.

அதை நமக்குச் சொல்லித்தர அமெரிக்கா தேவையில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பட்டத்தைத் துற, சக மனிதனுக்குச் சமமாக நில் என்றது. அதைவிடப் பெரிய குடியுரிமைத் தகுதி உலகில் எந்த நாட்டிலும் இல்லை. வெட்கம் என்னவென்றால், பெயரிலிருந்து வெட்டிய பட்டத்தை நம் ஆட்கள் திருமணத் தகவல் தளத்திலும் வாட்ஸ்ஆப் குழுவிலும் மறுபடி ஒட்டவைத்திருக்கிறார்கள். பார்ப்பனரை மட்டும் சுட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. இடைநிலைச் சாதிகளின் சங்கங்களும் கடல் கடந்து கிளை பரப்பியிருக்கின்றன.

விசா நேர்காணலுக்குக் கோப்பைத் தயார் செய்துகொண்டிருக்கும் தம்பி, தங்கைகளே, கல்விச் சான்றிதழ், வங்கி இருப்பு, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் எல்லாம் எடுத்து வைத்திருப்பீர்கள். பெட்டியை மூடும் முன் ஒருமுறை பாருங்கள், அடியில் அந்தப் பட்டம் கிடக்கிறதா என்று. எந்த நாட்டுச் சுங்க அதிகாரியும் அதைத் தேட மாட்டார். நீங்களேதான் எடுத்துப் போட வேண்டும்.

என் பங்குக்கு நானும் ஒன்று துறக்க வேண்டியிருக்கிறது. 2020 பிப்ரவரியில் நேர்காணல் அதிகாரி அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டபோது, “நோ சார்” என்று நிமிர்ந்து சொன்னேன். அது உண்மை. ஆனால் பதினைந்து ஆண்டுகளாகத் தமிழர் விருந்துகளில் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லி ஒளிந்தவனும் நானே. இனி “விழுப்புரத்துல எங்க?” என்று யார் கேட்டாலும், ஊர்ப் பெயரைச் சொல்லி, “அங்க காலனி” என்று சேர்த்துச் சொல்லப் போகிறேன். கேட்டவர் முகம் மாறினால் அது அவருடைய பட்டம். அவர் என்ன செய்யப் போகிறார் என்பதை அவர் சொல்லட்டும்.