கடைமடைக்கு முறை எப்போது?

பேச்சிப்பாறை அணை 1906இல் எழுந்தது. பிறகு பெருஞ்சாணியும் சிற்றாறும் வந்தன. 1966இல் மாத்தூரில் 28 தூண்களின் மேல், 115 அடி உயரத்தில், மலைக்கு மலை தண்ணீரைத் தாண்ட வைத்தார்கள். இத்தனையும் செய்த நாட்டில், வாய்க்காலின் கடைசி மைலைத் தாண்டத் தண்ணீருக்கு வழியில்லை என்று தேங்காய்ப்பட்டணத்துப் பக்கத்து ஏலாக்காரன் முறையிட்டால், அது யாருக்குத் தலைகுனிவு?

"நடவுக்குத் தண்ணீர் விட்டோமே!" என்பார்கள் அதிகாரிகள். விட்டீர்கள், மறுக்கவில்லை. குழந்தைக்குப் பெயர் சூட்டிவிட்டால் வளர்த்ததாகிவிடுமா?

கன்னிப்பூ நெல் 120 நாள் பயிர் என்று கொள்வோம். 60ஆம் நாளையொட்டித் தண்டுக்குள் கதிர் உருக்கொள்கிறது. 90ஆம் நாளையொட்டிப் பூக்கிறது. பூத்தபின் 30 நாளில் அறுப்பு. இந்த நடுப்பருவத்தில், அதிலும் பூக்கும் வாரத்தில், வயல் காய்ந்தால் மணி பிடிக்காது, பதர்தான் மிஞ்சும். பின்னர் ஆறே பெருகி வந்தாலும் பதர் நெல்லாகாது.

அப்படியானால் மேல்மடை உழவனின் வாயிலிருந்து பறித்துக் கொடுக்கச் சொல்கிறோமா? இல்லை, தோழர்களே! அவனும் நம்மவன். நெல்வயலில் எந்நேரமும் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டியதில்லை. துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் பாய்ச்சினால் போதும் என்று மணிலா நெல் ஆராய்ச்சி நிலையமே காட்டியிருக்கிறது. பூக்கும் நாள்களில் மட்டும் நீர் நிறுத்த வேண்டும். ஆக, மேல்மடை ஓய்கிற நாளில் கீழ்மடைக்கு முறை விடலாம். இதற்குப் புது அணை வேண்டாம். நடவு நாளைப் பார்த்து முறை எழுதுகிற மனம் வேண்டும்.

உரமும் இப்படித்தான். மேலுரம் கதிர் உருக்கொள்ளும் வேளையில் விழ வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் பூத்தபின் யூரியா வந்து இறங்கினால் யாருக்குப் பயன்? இலைச்சுருட்டுப் புழுவுக்கும் புகையானுக்கும் விருந்து! (வாங்கிப் போட்டு ஏமாறுகிறவர்கள் நம்மிலும் உண்டு.)

வழக்கமாக ஜூன் முதல் நாளில் அணை திறக்கிறது. அதற்கு முன்பே தூர்வாரல் முடிய வேண்டும். நம் கிளைத் தோழர்கள் ஏலா ஏலாவாக நடவு நாளைக் குறித்து, நீர்வளத்துறை அலுவலகத்தில் கொடுத்து, கையொப்பம் பெற்று வரட்டும். தண்ணீர் வராத நாளில் அந்தத் தாளே பேசும்.