குடியினின்று மீண்ட பாடகர் இருவர்

சென்ற மார்கழி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறைமலை நகரில் குடியிருக்கும் நம் கல்லூரியின் பழைய மாணவர் சிலரும், இப்பொழுது பயிலும் மாணவர் அறுவரும், யாமும் ஓர் இல்லத்தின் மாடியிற் கூடி இரண்டு திரைப்படங்களைக் கண்டோம். ஒன்று, கே. பாலசந்தர் இயக்கி 1985-ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிந்து பைரவி'. மற்றொன்று, அதற்கு இரண்டாண்டுகள் முன்னர் அமெரிக்காவில் வெளிவந்த 'டெண்டர் மெர்சீஸ்'. இரண்டும் புகழுற்றுப் பின் மதுவினால் நிலைகுலைந்த பாடகன் ஒருவன் மீண்ட வரலாறே. முன்னதை நம்மவர் பலகாலும் கண்டிருப்பர். பின்னதன் பெயரைத்தானும் கேட்டவர் அன்று எம்முள் ஒருவரே.

மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். அவர் பெயர் தாங்கிய நகரிலிருந்துகொண்டு யாம் எழுதும் இக்கட்டுரையின் வடசொற்களை அவர் காண நேர்ந்திருப்பின், செந்நிறக் கோடிட்டுத் திருப்பியனுப்பியிருப்பார் என்பதில் ஐயமில்லை. அது நிற்க.

'சிந்து பைரவி'யைப் பற்றி எமக்குள்ள மதிப்பு சிறிதன்று. சிவகுமார் ஏற்று நடித்த ஜே.கே.பி. என்னும் சங்கீத வித்துவான், கச்சேரிக்குக் குடித்துவிட்டு வந்த மிருதங்கக்காரரை இரக்கமின்றி விலக்குகிறார். அவ்வாறு விலக்கியவரே பின்னர்த் தாமும் மதுவுக்கு அடிமையாகிறார். பிறர் குற்றத்தை அளந்த கோலே தம்மையும் அளக்கும்படி கதையை அமைத்தமை பெரியதொரு திறமை. இளையராஜாவின் இசைக்கும், சித்ராவின் பாட்டுக்கும், சிந்துவாக நடித்த சுஹாசினிக்கும் தேசிய விருதுகள் கிடைத்தமை யாவரும் அறிந்ததே. பாகவதருக்காகப் பாடியவர் யேசுதாஸ். தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடமில்லையோ என்று சிந்து வினவும் இடம், தமிழிசைக் கிளர்ச்சியை நேரிற் கண்ட முதியோர்க்கு உவகை தந்திருக்கும்.

ஆயினும் அன்று படம் முடிந்தபின் யாம் மாணவரை ஒரு கேள்வி கேட்டோம். பாகவதர் குடித்தபொழுது பாடிய பாட்டு நினைவிருக்கிறதோ என்றோம். பாதிப்பேர் உடனே பாடத் தொடங்கினர். ஒருவர் ஆடியும் காட்டினார். பாகவதர் குடியை நிறுத்திய முதல் வாரத்தில் என்ன செய்தார், எங்ஙனம் உறங்கினார், யாரிடம் பேசினார் என்று அடுத்து வினவினோம். ஒருவரும் வாய் திறந்திலர். அவர்கள் மறந்தார்கள் அல்லர். படத்தில் அதற்கு இடமே இல்லை. சிந்து திரும்பி வருகிறாள், பாகவதர் மீள்கிறார், மீண்டும் மேடையேறுகிறார், அவளோ தான் பெற்ற மகவைப் பைரவியிடம் ஒப்புவித்துப் பிரிந்து செல்கிறாள். ஒரு பெண்ணின் தியாகமே மருந்தாகிவிடுகிறது. மருந்தாக வந்தவளுக்குக் கிடைத்ததென்ன என்று எம்முடனிருந்த மாணவி ஒருத்தி கேட்டாள். அதற்கும் விடை கூற எம்மால் இயன்றிலது.

வீழ்ச்சியை விரித்தும் மீட்சியைச் சுருக்கியும் காட்டுவது இப்படம் ஒன்றன் குறையன்று. நம் திரைக்கலை முழுவதன் பழக்கம் என்பதே எமது துணிபு. 1953-இல் வந்த 'தேவதாஸ்' முதலாக, குடித்து அழிபவனுக்கு நாம் அழகிய பாடல்களை வழங்கி வருகிறோம். குடியை விட்டவனுக்கு ஒரு காட்சியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இனி அமெரிக்கப் படத்துக்கு வருவோம். அதன் பெயர் சங்கீதப் புத்தகத்தினின்று எடுக்கப்பட்டது. 'கனிந்த இரக்கங்கள்' எனலாம். ஹார்ட்டன் பூட் எழுத, ஆஸ்திரேலியரான புரூஸ் பெரஸ்போர்டு இயக்கினார். எழுதியவருக்கும், நாயகனாக நடித்துத் தம் குரலிலேயே பாடிய ராபர்ட் டுவாலுக்கும் ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. டெக்ஸாஸ் நாட்டுப்புறத்தில், நெடுஞ்சாலையோரத்துச் சிறு விடுதியொன்றில் மாக் ஸ்லெட்ஜ் என்னும் பாடகன் போதை தெளிந்து எழுகிறான். கையிற் காசில்லை. விடுதியை நடத்தும் இளம் விதவை, வேலை செய்து கடனைத் தீர்க்கலாம், வேலை செய்யும் நாளில் குடித்தலாகாது என்கிறாள். அவ்வளவே. அவள் அழவுமில்லை, அறிவுரை கூறவுமில்லை. அவனுடைய வீழ்ச்சிக்காலம் முழுவதும் படம் தொடங்குமுன்னரே முடிந்துவிட்டது. நாம் காண்பதெல்லாம் அவன் பெட்ரோல் ஊற்றுவதும், பழுது பார்ப்பதும், தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டே அவளை மணக்கக் கேட்பதுமே. திருமணத்தைக்கூடக் காட்டிலர்!

ஓரிரவு, தான் இயற்றிய பாட்டு மறுக்கப்பட்ட சினத்தில் அவன் ஒரு குப்பி மது வாங்கிக்கொண்டு வண்டியைச் செலுத்திச் செல்கிறான். மனைவி வீட்டில் விழித்துக் காத்திருக்கிறாள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து, வாங்கினேன், குடிக்கவில்லை, கொட்டிவிட்டேன் என்று சொல்கிறான். அவன் கொட்டுவதை யாம் கண்டிலோம். அவள் நம்பியதுபோல நாமும் நம்ப வேண்டியதுதான். முடிவில் அவனுக்குப் பழைய பெருமேடை கிடைக்கவில்லை. ஊர்ப்புறத்து இளைஞர் குழுவொன்றோடு சிற்றரங்கில் பாடுகிறான். மீட்சி என்பதைக் கைதட்டலால் அளவாமல் நாட்களால் அளந்த படம் இது.

இஃது உறக்கம் வரவழைக்கும் படம் என்று மாணவர் இருவர் வெளிப்படையாகவே கூறினர். அப்பொழுது, அதுகாறும் பேசாதிருந்த பழைய மாணவர் ஒருவர் பேசினார். அவர் படிக்குங்காலத்தில் நம் கல்லூரி இசைக்குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். இப்பொழுது ஒரகடம் பக்கத்து ஆலையொன்றில் வேலை பார்ப்பவர். "ஐயா, நான் விட்டு நாலு வருஷம் ஆகிறது. ஷிப்டு முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தால் பஸ் நிறுத்தத்துக்கு இரண்டு வழி. கிட்ட வழியில் கடை இருக்கிறது. நான் சுற்று வழியில் போகிறேன். இந்த நாலு வருஷத்தில் நான் செய்தது அது ஒன்றுதான். அதை யார் படமாக எடுப்பார்கள்?" என்றார். மாடியில் எவரும் சிறிது நேரம் பேசவில்லை.

அவர் சொல் எம்மை வருத்துவதற்குக் காரணம் உண்டு. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையையும் அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்தி வருகிறது. கடை பலருக்கு வழியில் இருக்கிறது. விடுவது எங்ஙனம் என்னும் அறிவோ வழியில் இல்லை. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கைந்நடுக்கமும், வியர்வையும், உறக்கமின்மையும் தோன்றும். சிலருக்கு வலிப்பும், இரண்டு மூன்று நாட்களில் சித்தக் கலக்கமும் நேர்ந்து உயிருக்கே கேடாகும். ஆகவே மருத்துவர் மேற்பார்வை வேண்டும். படங்களைக் கண்டு, ஒரு சபதத்தோடு காரியம் முடிந்ததென எண்ணும் இளைஞன், மூன்றாம் நாளில் நடுங்கும் தன் கையைக் கண்டு தன்னையே கோழையென்று இகழ்ந்து மீண்டும் கடைக்குச் செல்கிறான். மதுவினாற் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது 1980-இல். அங்கே நோயாளியோடு குடும்பத்தாருக்கும் பயிற்சி தரப்படுகிறது. 'சிந்து பைரவி' வெளிவந்தது அதற்கு ஐந்தாண்டுகள் பின்னர், அதே நகரில். வேண்டியிருந்தால் கேட்டறிந்திருக்கலாம்.

பொதுமக்கள் கண்ணீரையும் பாட்டையும் விரும்புகின்றனர், களை பிடுங்குவதை யார் காசு கொடுத்துப் பார்ப்பர் என்பது எளிதிற் புறந்தள்ளத்தக்க மறுப்பன்று. பாட்டு வேண்டாமென்று யாம் கூறவில்லை. டெக்ஸாஸ் படத்திலேயே, நெடுநாள் பிரிந்திருந்த மகள் தான் குழந்தையாயிருந்தபொழுது தந்தை பாடிய பாட்டொன்றைக் கேட்க, நினைவில்லை என்று அவளை அனுப்பிவிட்டு, அவள் சென்றபின் சாளரத்தருகே நின்று அதனைத் தனியே பாடுகிறான். இளையராஜாவும் யேசுதாஸும் உள்ள நாட்டில் இத்தகைய காட்சிக்கா பஞ்சம்? மனம் வைத்தாரில்லை என்பதே எமது குறை.

மாணவி கேட்ட கேள்வியும், உறங்கினோம் என்ற இருவர் கூற்றும் இன்னும் தீர்ந்தபாடில்லை. வருகிற ஆடித் திங்களில் இவ்விரு படங்களையும் கல்லூரியில் மீண்டும் காட்டத் தமிழ்ச் சங்கத்தார் இசைந்துள்ளனர். ஆர்மோனியக்காரரையும் அழைத்திருக்கிறோம், ஷிப்டு ஒத்துவந்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.