பனி குறைகிறது, கோட்டா குறையவில்லை!

வட துருவம் உருகுவதைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. தென் துருவத்தைச் சுற்றி நடப்பதைப் பேசுபவர்கள் ரொம்பக் குறைவு. பல வருடங்களாக அங்கே பிரச்னை இருப்பதாகவே தெரியவில்லை என்பதுதான் காரணம்.

அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடல் வருடா வருடம் உறைந்து, உருகும். பிப்ரவரியில் (அங்கே அது கோடையின் முடிவு!) கடல் பனி கிட்டத்தட்ட இந்தியாவின் பரப்பளவுக்குச் சுருங்கிவிடும். செப்டம்பரில் அதைப் போல ஐந்தாறு மடங்காக விரியும். 2014-ல் 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. "பார்த்தீர்களா, பூமி சூடாவதெல்லாம் கட்டுக்கதை" என்று சிலர் குதித்தார்கள்.

2016-ல் இருந்து கதை மாறிவிட்டது. 2023 பிப்ரவரியில் மிஞ்சியது வெறும் 17.9 லட்சம் சதுர கிலோமீட்டர். அதே வருடம் செப்டம்பரில் விரிந்தது 169.6 லட்சம்தான். செயற்கைக்கோள் கணக்கு தொடங்கியதிலிருந்து இரண்டுமே மிகக் குறைந்த அளவு.

மிதக்கும் பனிதானே, உருகினால் கடல்மட்டம் உயராதே, பிறகென்ன நஷ்டம்?

நஷ்டம் பனிக்கு அடியில் இருக்கிறது. நம்மூர் கூனி இறால் போல இருக்கும் கிரில் என்ற சிறு உயிரின் குஞ்சுகள், பனியின் அடிப்பக்கம் ஒட்டி வளரும் பாசியைத் தின்றுதான் குளிர்காலத்தைக் கடத்துகின்றன. அந்தக் கிரிலை நம்பித் திமிங்கலம், சீல், பென்குயின் எல்லாம் வாழ்கின்றன. 2022-ல் பெல்லிங்ஸ்ஹாசன் கடல் பகுதியில் பனி சீக்கிரமே உடைந்ததால், ஐந்து எம்பரர் பென்குயின் கூட்டங்களில் நான்கு, குஞ்சுகளை மொத்தமாக இழந்தன.

இதே கிரிலைத்தான் கப்பல்கள் அள்ளுகின்றன. பண்ணை மீன்களுக்குத் தீவனம், மனிதர்களுக்கு ஒமேகா-3 மாத்திரை. தென் அட்லாண்டிக் பகுதிக்கான வரம்பு வருடத்துக்கு 6,20,000 டன். பனி சரியத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே வைத்த எண் அது. 2025-ல் முதன்முறையாக அந்த வரம்பு எட்டப்பட்டு, மீன்பிடிப்பு பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

"அங்கே 6 கோடி டன்னுக்கு மேல் இருக்கிறது, எடுப்பது ஒரு சதவீதம்தானே" என்பது தொழில்துறையின் வாதம். கணக்கு சரிதான். ஆனால் அந்த ஒரு சதவீதம் கடல் முழுக்கப் பரவலாக எடுக்கப்படுவதில்லை. பென்குயின்களும் திமிங்கலங்களும் சாப்பிடும் அதே இடங்களில், குறிப்பாக அண்டார்டிக் தீபகற்பத்தை ஒட்டியே கப்பல்கள் குவிகின்றன. பிடிப்பைப் பல பகுதிகளுக்குப் பிரித்து வைத்திருந்த விதி 2024-ல் காலாவதியாகிவிட்டது. முடிவெடுக்கும் ஆணையத்தில் எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாடு தலையை ஆட்ட மறுத்தாலும் போச்சு.

முதல் கரையும்போது பழைய வட்டியையே எதிர்பார்ப்பவனை எந்த வியாபாரியும் புத்திசாலி என்று சொல்லமாட்டான். பனியின் அளவைப் பார்த்து வருடா வருடம் வரம்பை மாற்றுவதும், பிரித்துப் பிடிக்கும் விதியைத் திரும்பக் கொண்டுவருவதும்தான் நியாயம். 1986 முதல் அந்த ஆணையத்தில் இந்தியாவுக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் உட்கார்ந்து இதை உரக்கக் கேட்கலாமே?