பொம்மையா, பொறியா?

"கல்லூரிக்கு வந்த பின்னும் பொம்மை இரயிலா?" என்று கேலி பேசும் நண்பர்களுக்காகவே இக்கட்டுரை. மாதிரி மின்சார இரயில் எஞ்சினை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குவது சரியன்று. அது மேசைமேல் ஓடும் இயற்பியல் பாடம் என்பதே என் கருத்து.

'முதலை' என்று செல்லமாக அழைக்கப்படும் சுவிட்சர்லாந்தின் சரக்கு எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போரின்போது நிலக்கரி கிடைக்காமல் தவித்த அந்நாடு, தன் மலையாறுகள் தரும் மின்சாரத்தை நாடியது. கோத்தார்டு மலைப்பாதையில் சரக்கு வண்டிகளை இழுக்க, 1919 முதல் இவ்வெஞ்சின்கள் உருவாயின. எடை 128 டன். நீளம் 19 மீட்டருக்கும் மேல். இவ்வளவு நீண்ட உடல் மலை வளைவுகளில் திரும்ப வேண்டாமா? ஆகவே நடுவில் மின்மாற்றியும் ஓட்டுநர் அறைகளும், இருபுறமும் மோட்டார்களைத் தாங்கிய நீண்ட மூக்குகளுமாக மூன்று பகுதிகளாக்கி இணைத்தார்கள். பெயர் வந்ததும் அம்மூக்குகளாலேயே.

ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1930களிலேயே இதன் மாதிரியைச் செய்து விற்றது. இன்று பெரிதும் வழங்கும் அளவான 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால், நீளம் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர். எடையும் 87 மடங்குதான் குறையும் என்று எண்ணிவிடாதீர்கள்! 87-ஐ மும்முறை பெருக்கிய அளவு, அதாவது 6,58,503 மடங்கு குறையும். 128 டன் எஞ்சின் 200 கிராமுக்கும் கீழே வந்துவிடும். பின்னால் வரும் பெட்டிகளும் அப்படியே இலேசாகும். ஆனால் அச்சுகளின் உராய்வு அதே விகிதத்தில் குறைவதில்லை. எனவே சக்கரம் வழுக்கும், வண்டி நகராது. இதனாலன்றோ மாதிரி செய்வோர் உள்ளே உலோகக் கட்டிகளை வைக்கின்றனர். சக்கரத்தில் இரப்பர் வளையம் மாட்டுகின்றனர்!

கன அளவு, உராய்வு, இழுவிசை ஆகியவற்றை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். வழுக்கும் சக்கரம் ஒன்றைச் சரிசெய்தவனோ அவற்றை ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

"விலை கட்டுமா?" என்பீர்கள். கடை மாதிரி நமக்கு வேண்டாம். தகரமும் சிறு மோட்டாரும் மின்கலமும் போதும். ஆண்டுக்கொரு மாதிரியேனும் மாணவர் கையால் உருவாக, நம் பேராசிரியப் பெருமக்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மேசை ஒதுக்கித் தரவேண்டும். கண்ணாடி அலமாரியில் உறங்கும் மாதிரிதான் பொம்மை. பாரம் இழுக்கும் மாதிரி பொறியே.