ஏழும் ஒன்பதும்

பிரேசிலின் வெகுசன இசையைப் பட்டறைகளில் தட்டியும் பாடியும் சொல்லிக்கொடுப்பது வரலாறு ஆகாது, வெறும் கேளிக்கை. வரலாறு ஏட்டிலும் இசைத்தட்டிலும்தான் இருக்கிறது என்று ஓர் இதழ் தீர்ப்பு எழுதியிருக்கிறது. வாய்மொழி மரபைப் பற்றி இவ்வளவு காலம் விவாதித்த சூழலில் இப்படி எழுத முடிவது வருத்தம் தருகிறது. சரி, ஏட்டையே பார்ப்போம். 1916இல் ரியோ டி ஜெனிரோ தேசிய நூலகத்தில் 'பெலு டெலிஃபோனி' பாடலை இசைக்கலைஞர் டோங்கா தன் பெயரில் பதிவு செய்தார். சாம்பா என்னும் இசைவகையின் பிறப்புச் சான்றிதழாக அதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பாட்டு, பாயியா மாநிலத்திலிருந்து வந்து ரியோவில் குடியேறிய தியா சியாத்தாவின் வீட்டில் பலர் கூடிப் பாடியதில் விளைந்தது. பதிவானவுடனே உரிமைத் தகராறும் எழுந்தது. அந்த வீட்டுக் கூடத்தில் பாடியவர்களுக்கு ஏட்டில் இடமில்லை.

பின்னாளில் சாம்பா எதுவென்று டோங்காவிடமும் ரியோவின் எஸ்தாசியோ பகுதிப் பாடலாசிரியர் இஸ்மாயெல் சில்வாவிடமும் கேட்டார்கள். டோங்கா தன் பாட்டைச் சொன்னார். அது மஷீஷி என்ற பழைய நடன இசை என்றார் இஸ்மாயெல். இஸ்மாயெல் சொன்ன பாட்டை அணிவகுப்புப் பாட்டு என்று டோங்கா தள்ளினார். இந்த வழக்கைக் காகிதம் தீர்க்காது, கை தீர்க்கும். எட்டு எண்ணி, ஒன்றிலும் நான்கிலும் ஏழிலும் தட்டிப் பாருங்கள்: அது பழைய நடை. எஸ்தாசியோக்காரர்கள் 1920களின் இறுதியில் கொண்டுவந்த நடையோ பதினாறு எண்ணிக்கையை ஏழும் ஒன்பதுமாக உடைக்கிறது. கால் தானாக முன்னே போகிறது. தெருவில் நடந்துகொண்டே பாடுவதற்குப் பழைய நடை உதவவில்லை என்பதே இஸ்மாயெல் சொன்ன காரணம். அதை அவர் விளக்கியதும் வாயால் சொன்ன தாளச் சொற்கட்டில்தான்.

பட்டறைகள் வலியை மறைத்துக் குதூகலத்தை மட்டும் விற்கின்றன என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. அடிமைமுறை 1888இல்தான் பிரேசிலில் சட்டப்படி ஒழிந்தது. இருபது ஆண்டுக்குப் பிறகும் சாம்பா கலைஞர் ஜுவான் டா பயானாவின் கையிலிருந்த பாந்தெய்ரோவை, நம் கஞ்சிராவுக்கு உறவான அந்தத் தோல்கருவியை, போலீஸ் பிடுங்கிக்கொண்டது. ஒரு செனட்டர் தன் பெயர் பொறித்த புதியதைக் கொடுத்த பிறகே அவரால் தைரியமாக வாசிக்க முடிந்தது. ஜுவான் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பைக் கத்தியால் சுரண்டியும் தாளம் எழுப்பியவர். பாந்தெய்ரோவைக் கையில் கொடுக்கும்போதே இந்தக் கதையையும் சொல்லாத பட்டறை அரைகுறைதான். அதைத் திருத்தச் சொல்லுங்கள், மூடச் சொல்லாதீர்கள். மறுப்பு எழுத விரும்பும் நண்பர்கள் இரண்டு நடைகளையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு எழுதட்டும். அடுத்த இதழில் பக்கம் ஒதுக்குகிறோம்.