மாத்திரை வேலை செய்கிறது என்று யார் சொல்வது?

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், நடத்தைச் சிக்கல் உள்ள குழந்தைகளுக்காக எம்மா பெண்டில்டன் பிராட்லி இல்லம் என்று ஒரு மருத்துவமனை இருந்தது. 1930களில் அங்கே பணியாற்றிய மருத்துவர் சார்லஸ் பிராட்லிக்கு ஒரு தலைவலி. அவருக்கு அல்ல, அவரிடம் இருந்த பிள்ளைகளுக்கு! மூளையை எக்ஸ்ரே எடுக்க வேண்டுமானால் அந்தக் காலத்தில் முதுகுத்தண்டு வழியாக நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்துவார்கள். அது முடிந்ததும் பிள்ளைகளுக்குத் தலை பிளந்துவிடும். அதைப் போக்கலாம் என்று பென்செட்ரின் என்ற ஆம்பெட்டமைன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி குறைந்தபாடில்லை. ஆனால் அந்த இல்லத்தின் பள்ளிக்கூட ஆசிரியர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். ஓர் இடத்தில் உட்காராத பிள்ளைகள் உட்கார்ந்து பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

பிறகு 30 பிள்ளைகளுக்கு அதே மருந்தைத் திட்டமிட்டுக் கொடுத்து, 1937இல் முடிவுகளை வெளியிட்டார் பிராட்லி. 14 பேரின் பள்ளி வேலையில் பெரிய மாற்றம். பிள்ளைகளே அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்... 'கணக்கு மாத்திரை'.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மருந்து வேலை செய்கிறது என்று முதலில் கண்டுகொண்டது வகுப்பறை. மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப் அல்ல. அதன்பின் 80 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஏ.டி.எச்.டி. என்று இன்று அழைக்கப்படும் கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாட்டுக்கு எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இன்றும் ஓர் இரத்தப் பரிசோதனை கிடையாது. சர்க்கரை நோய்க்கு ஒரு சொட்டு இரத்தம் போதும், இரத்த அழுத்தத்துக்குக் கையில் சுற்றும் பட்டை போதும். இந்தக் குறைபாட்டுக்கு இருக்கும் ஒரே கருவி, பிள்ளையைச் சுற்றியிருக்கும் மனிதர்களின் கண்கள்தான்.

அந்தக் கண்கள் எப்படிப் பயன்படுத்தப்படுகின்றன? பெரும்பாலும் இப்படித்தான்.

"எப்படி இருக்கான்?"

"பரவாயில்லை டாக்டர். இப்போ கொஞ்சம் அடங்கி இருக்கான்."

"சரி, அதையே கொடுங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க."

முடிந்தது. ஒரு பிள்ளையின் மூன்று மாதம் இந்த மூன்று வரியில் தீர்மானமாகிவிட்டது. 'அடங்கி இருக்கிறான்' என்ற அந்த ஒரு சொல்தான் இங்கே அளவுகோல். அது தவறான அளவுகோல். மருந்தின் அளவு கூடிப்போனாலும் பிள்ளை அடங்கித்தான் இருப்பான். பேச்சு குறைந்து, விளையாடப் போகாமல், எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அடுத்த வீட்டாருக்கும் மாமா அத்தைகளுக்கும் அது பெரிய முன்னேற்றமாகத் தெரியும். உண்மையில் அது அளவைக் குறைக்க வேண்டும் என்பதற்கான அடையாளம். அமைதி பெரியவர்களுக்குக் கிடைக்கும் வசதி. பிள்ளைக்குக் கிடைத்தது என்ன என்பது வேறு கேள்வி.

கேட்கும் விதம் இவ்வளவு முக்கியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்காகவே செய்ததுபோல ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்டு 1999இல் வெளியான எம்.டி.ஏ. ஆய்வு அது. 7 முதல் 9 வயது வரையிலான 579 பிள்ளைகள், 14 மாதங்கள், நான்கு குழுக்கள். ஒரு குழுவுக்கு ஆய்வாளர்களே கவனமாக மருந்து கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு நடத்தைப் பயிற்சி மட்டும். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். நான்காவது குழுவை, 'உங்கள் ஊரில் உள்ள மருத்துவரிடமே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பிவிட்டார்கள்.

முடிவில் கவனம், துறுதுறுப்பு ஆகிய அறிகுறிகளில் முதல் குழுவும் மூன்றாவது குழுவும் முன்னே நின்றன. நான்காவது குழு பின்தங்கியது. இதில் வேடிக்கை என்னவென்றால், நான்காவது குழுவிலும் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் மருந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்! பலர் சாப்பிட்டது அதே மெத்தில்ஃபெனிடேட்தான். (ரிட்டாலின் என்றால் பலருக்குத் தெரியும். 1944இல் அதை உருவாக்கிய லியாண்ட்ரோ பனிசோன் தன் மனைவி ரீட்டாவின் பெயரை அதற்குச் சூட்டினார். குறைந்த இரத்த அழுத்தம் இருந்த அந்த அம்மையார் டென்னிஸ் ஆடப் போகுமுன் அதைப் போட்டுக்கொள்வாராம்.)

மருந்து ஒன்றாக இருக்க, பலன் ஏன் வேறுபட்டது? ஆய்வாளர்கள் முதல் 28 நாட்கள் மருந்தின் வெவ்வேறு அளவுகளையும் இடையிடையே மருந்தே இல்லாத வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எந்த நாளில் எது என்று பெற்றோருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. இருவரும் தினமும் மதிப்பெண் போட்டார்கள். அந்த மதிப்பெண்களை வைத்துத்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவு முடிவானது. அப்படிச் சோதித்தபோது சில பிள்ளைகளுக்கு வெற்று மாத்திரையே போதும்போல் தெரிந்ததும் உண்டு. அதன் பிறகும் மாதந்தோறும் அரைமணி நேரம் பிள்ளையையும் பெற்றோரையும் பார்த்தார்கள், ஆசிரியரிடம் கேட்டார்கள், தேவைப்பட்டால் அளவை மாற்றினார்கள். ஊர் மருத்துவரிடம் போனவர்களுக்கோ ஆண்டுக்கு ஒன்றிரண்டு சுருக்கமான சந்திப்புகள்தான். மாத்திரை என்னவோ ஒன்றேதான். கேள்வி கேட்டவர்கள்தான் வேறு.

ஆசிரியரிடம் கேட்பது ஏன் அவ்வளவு அவசியம் என்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையின் வேலை மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். காலை 8 மணிக்குப் போட்ட மாத்திரை மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது விடைபெற்றுவிடும். மாலை 4 மணிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளையின் உடம்பில் மருந்தே இல்லை. சிலருக்கு மருந்து இறங்கும் நேரத்தில் எரிச்சலும் அழுகையும் வழக்கத்தைவிட அதிகமாகவே வரும். அம்மா பார்ப்பது அந்தப் பிள்ளையைத்தான். 'மருந்து ஒண்ணும் வேலை செய்யலை, முன்னைவிட மோசம்' என்று அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. அவர் பார்த்த நேரம்தான் தவறு. காலையில் இரண்டாவது பீரியடில் அந்தப் பிள்ளை ஒரு பக்கக் கணக்கை முடித்ததை ஆசிரியர் பார்த்திருப்பார். அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நாள் முழுக்க வேலை செய்யும் வகைகள் இப்போது உண்டு. அதற்குத் தக்கபடி பார்க்க வேண்டிய நேரமும் மாறும். அட்டோமாக்செட்டின் போன்ற மருந்துகளோ முழுப் பலன் காட்டச் சில வாரங்கள் எடுக்கும். அதை மூன்றாம் நாளே 'பிரயோஜனமில்லை' என்று நிறுத்துவதும் நடக்கிறது. ஆக, எந்த மருந்து, எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்குப் பார்த்தது என்ற மூன்றும் சேராத பதில் பதிலே அல்ல.

நம்மூரில் இதில் இன்னொரு முடிச்சு. மருந்து கொடுப்பதையே பள்ளியில் சொல்லாத வீடுகள் உண்டு. 'மெண்டல்' என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது, குத்துகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை, பிள்ளையை ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் பார்க்கிற ஒரே சாட்சியை இழப்பது. எல்லாவற்றையும் சொல்ல முடியாவிட்டாலும், 'இந்த மாதம் வகுப்பில் எப்படி இருக்கிறான், கொடுத்த வேலையை முடிக்கிறானா, மற்ற பிள்ளைகளோடு சேர்கிறானா என்று வாரம் ஒரு முறை எழுதித் தர முடியுமா?' என்று கேட்கலாம். மருந்து பற்றித் தெரியாத ஆசிரியரின் குறிப்பு ஒருவகையில் நம்பகமானதும்கூட. எம்.டி.ஏ. ஆய்வில் ஆசிரியர்களிடம் மறைத்ததும் அதற்குத்தானே!

சரி, எல்லோரிடமும் கேட்டாயிற்று, முன்னேற்றம் தெரிகிறது. உடனே இன்னொரு தப்பு நடக்கும். 'மருந்து வேலை செய்துவிட்டது, அப்படியானால் இவனுக்கு இருந்தது ஏ.டி.எச்.டி.தான்' என்ற முடிவு. இது செல்லாது. 1978இல் ஜூடித் ரேப்பபோர்ட் என்ற அமெரிக்க மருத்துவரும் குழுவினரும் எந்தக் குறைபாடும் இல்லாத 14 சிறுவர்களுக்கு ஆம்பெட்டமைன் வகை மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஓட்டம் குறைந்தது, கவனம் கூடியது. எனவே மருந்து வேலை செய்வதை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. கண் தெரியாதவனுக்கோ, வீட்டுச் சண்டையில் தூங்காதவனுக்கோ, பாடமே புரியாதவனுக்கோ கொடுத்தாலும் ஓரளவு 'வேலை' செய்து, அசல் காரணத்தை மூடிவிடும் ஆபத்து இருக்கிறது.

பெற்றோரின் எதிர்பார்ப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் 'வேலை செய்கிறதா' என்றால் 'மார்க் ஏறியதா' என்று பொருள். 2022இல் வில்லியம் பெல்ஹாம் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். ஒரு கோடைக்கால வகுப்பில் 7 முதல் 12 வயதுள்ள 173 பிள்ளைகளுக்குப் புதுப் பாடங்களைக் கற்பித்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் சில வாரம் மருந்து, சில வாரம் வெற்று மாத்திரை. மருந்து நாட்களில் நிமிடத்துக்கு 37 சதவீதம் கூடுதலாகக் கணக்குப் போட்டார்கள். விதிமீறல் பாதிக்குமேல் குறைந்தது. ஆனால் புதிதாகச் சொல்லிக்கொடுத்த பாடத்தையும் சொற்களையும் கற்றுக்கொண்டதில் வித்தியாசம் இல்லை! உட்கார வைப்பது மருந்தின் வேலை. கற்பிப்பது மருந்தின் வேலை அல்ல. ரேங்க் கார்டைக் காட்டி மருந்தைக் கூட்டச் சொல்கிறவர்கள் இதை ஒரு முறை யோசிப்பது நல்லது.

அதனால்தான் முதல் மாத்திரைக்கு முன்பே, எது மாறினால் 'வேலை செய்கிறது' என்று ஒப்புக்கொள்வோம் என்பதைத் தாளில் எழுதிவிட வேண்டும். 'நல்ல பிள்ளையாக வேண்டும்' என்று எழுதினால் அதை அளக்க முடியாது. 'பத்து நிமிடத்தில் வீட்டுப்பாடத்தை விட்டு எத்தனை முறை எழுந்திருக்கிறான்', 'வாரத்தில் எத்தனை நாள் நோட்டை மறந்துவிட்டு வருகிறான்', 'விளையாட்டில் தன் முறை வரும்வரை காத்திருக்கிறானா' என்று எழுதினால் அளக்கலாம். முன்பு எழுதாமல் பின்பு யோசித்தால், போன வாரம் நல்லபடியாகப் போனது மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கும். அல்லது நேற்று போட்ட சண்டை மட்டும்.

வரவோடு செலவையும் எழுத வேண்டும். சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வருகிறதா? இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறான்? எம்.டி.ஏ. பிள்ளைகளை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்ததில், புதிதாக மருந்து தொடங்கியவர்கள் மருந்தே சாப்பிடாதவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 2 சென்டிமீட்டர் குறைவாக வளர்ந்திருந்தார்கள். பயந்து ஓட வேண்டிய அளவல்ல. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் எல்லாம் பார்க்காமல் இருக்கக் கூடாத அளவுதான். மாத்திரைக்கு முன் வயிறு நிறையக் காலை உணவு, மருந்து இறங்கிய பின் மாலையில் நல்ல சாப்பாடு என்று நேரத்தை மாற்றினாலே பல வீடுகளில் பாதிப் பிரச்சினை தீரும். தாமாகவே அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டும் வேண்டாம். எழுதிய தாளோடு மருத்துவரிடம் போவதுதான் வழி.

கடைசியாக ஒருவர் பாக்கி. மருந்தைச் சாப்பிடுகிறவர்! 2012இல் இலினா சிங் என்ற ஆய்வாளர் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 151 பிள்ளைகளிடம் பேசி ஓர் அறிக்கை வெளியிட்டார். மருந்து தங்களை ரோபோ ஆக்கிவிட்டதாகப் பெரும்பாலான பிள்ளைகள் சொல்லவில்லை. பெரியவர்கள் பயப்படுகிற அளவுக்கு அவர்கள் பயப்படவில்லை. உதவுகிறது என்றே பலர் சொன்னார்கள். அவர்களுடைய குறை வேறு. மருத்துவரிடம் போனால் எடை பார்ப்பார்கள், அம்மாவிடம் பேசுவார்கள். தங்களிடம் பெரிதாக யாரும் எதுவும் கேட்பதில்லை.

எட்டு வயதுப் பிள்ளைக்கு 'பக்கவிளைவு' என்ற சொல் தெரியாது. ஆனால் மாத்திரை போட்ட அன்று மைதானத்தில் ஓடப் பிடித்ததா, ஜோக் சொல்லத் தோன்றியதா, டீச்சர் சொன்னது காதில் முழுதாக விழுந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியும். பிராட்லியின் பிள்ளைகள் அந்த மாத்திரைக்குத் தாங்களாகவே ஒரு பெயர் வைத்தார்கள் அல்லவா? இன்றைய பிள்ளை தன் மாத்திரைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறான் என்று அடுத்த முறை மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அம்மாவோ அப்பாவோ கேட்டுப் பார்க்கலாம்.